எஸ்ச்சீட், சீட்டிங், ஏலச்சீட்டு

நம்ம காலேஜ்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'சீட்டிங்'னு சொல்றோம்னு யாராவது எண்ணிப் பாத்திருக்கீங்களா? கேரம்ல ஸ்ட்ரைக்கரைக் கோடு தாண்டி வெச்சா சீட்டிங். மெஸ்ல சிக்கன் போடுற நாள்ல ரெண்டாவது தடவை வரிசையில நின்னா சீட்டிங். நாலு பேர் டீ குடிச்சிட்டு ஒருத்தி மட்டும் "ஜிபே ஒர்க் ஆகலடி"ன்னு சொன்னா அது பெரிய சீட்டிங். செமஸ்டர் ஹால்ல துப்பட்டாக்குள்ள பிட்டு மாட்டினாலும் அதே வார்த்தைதான். ஆனா அப்ப அது விளையாட்டு இல்ல. மூணு பேர் கமிட்டி, அப்பாவைக் கூட்டிட்டு வா, ஒரு வருஷம் அரியர்.

இவ்வளவு புழங்குற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. எல்.கே.ஜி.யிலருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் ஒரு பாடம், அவ்வளவுதான். அதனால எனக்கு 'சீட்டிங்' தமிழா இங்கிலீஷான்னே பிரிச்சுப் பாக்கத் தோணாத அளவுக்குச் சொந்தமான வார்த்தை. ப்ளேஸ்மென்ட்டுக்கு வெர்பல் படிக்கிறப்பதான் மாட்டுச்சு. சொல் பட்டியலை மனப்பாடம் பண்ண முடியாம, வேர்ச்சொல் வழியா படிக்கலாம்னு ஒரு அகராதியத் திறந்தேன். அங்க 'சீட்'டுக்கு நேரா 'எஸ்ச்சீட்' பாருன்னு போட்டிருந்துச்சு. (தமிழ்ல எழுதினா காலேஜ் சீட்டும், ஏமாத்துற சீட்டும், ஏலச்சீட்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும். இந்தக் கட்டுரை பூரா அந்தக் கஷ்டம் இருக்கும், பொறுத்துக்கோங்க.)

எஸ்ச்சீட் என்பது ஒரு சட்டச் சொல். 1066-ல வில்லியம் இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் அங்க உருவான ஏற்பாட்டுல, நிலம் எல்லாமே கடைசியில ராஜாவோடது. பிரபுக்கள் ராஜாகிட்டருந்து வாங்கி வெச்சிருப்பாங்க, அவங்ககிட்டருந்து அடுத்தவங்க, அவங்ககிட்டருந்து அதுக்கும் கீழ உள்ளவங்க. நிலம் வெச்சிருந்தவர் வாரிசு இல்லாம செத்துட்டா, இல்ல பெரிய குற்றத்துல தண்டனை வாங்கிட்டா, அந்த நிலம் மேல இருக்கிற பிரபுவுக்கோ ராஜாவுக்கோ திரும்பிப் போயிடும். அப்படித் திரும்பிப் போறதுக்குப் பேர்தான் எஸ்ச்சீட். பழைய பிரெஞ்சு வழியா வந்த சொல். அதுக்கும் அடியில லத்தீன்ல 'கதேரே'ன்னு ஒரு வினை, 'விழு'ன்னு அர்த்தம். நிலம் மேல இருக்கிறவன் மடியில 'விழுது'. அதே வேர்லருந்துதான் 'சான்ஸ்', 'கேஸ்', 'ஆக்ஸிடென்ட்' எல்லாம் வருது. பகடை விழுறது சான்ஸ். நம்ம தலையில விழுறது ஆக்ஸிடென்ட். சீட்டும் சான்ஸும் ஒண்ணுவிட்ட சகோதரிகள்னு தெரிஞ்சப்ப எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துச்சு.

நிலம் தானா விழாதில்லையா, யாராவது போய் எடுக்கணும். அதுக்கு ராஜா ஒரு அதிகாரியப் போட்டார். 13-ஆம் நூற்றாண்டுலருந்து அவருக்குப் பேர் 'எஸ்ச்சீட்டர்'. ஒரு நிலக்காரர் செத்துட்டார்னு தெரிஞ்சா இவர் அந்த ஊருக்குப் போவார். உள்ளூர் ஆட்களைக் கூட்டி உக்கார வெச்சு விசாரிப்பார்: செத்தவர் பேர்ல எவ்வளவு நிலம், யார்கிட்டருந்து வாங்கினது, வருஷத்துக்கு என்ன வரும், அடுத்த வாரிசு யார், வயசு என்ன. அந்த விசாரணைக் காகிதங்கள் லண்டன்ல தேசிய ஆவணக் காப்பகத்துல இன்னைக்கும் இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் நிலம் அவர் கையில. வாரிசு சின்னக் குழந்தைன்னா, அது பெரியவனாகுற வரைக்கும் ராஜா தரப்பு கையில.

இப்படி ஒரு வேலைய ஒருத்தர்கிட்ட குடுத்தா என்ன நடக்கும்னு நமக்குச் சொல்லத் தேவையில்ல. நம்ம வீடுகள்ல பட்டா மாத்த அலைஞ்சவங்க இருக்காங்க. வாரிசு இருக்கிற நிலத்தையும் இல்லேன்னு எழுதுறது, திருப்பிக் குடுக்க வேண்டியதை இழுத்தடிக்கிறது, கை நனைச்சாதான் காகிதம் நகரும்னு உக்காந்திருக்கிறதுன்னு எஸ்ச்சீட்டர்கள் மேல வந்த புகார்கள் ஏராளம். ராஜாவே ஒழுங்கில்லாததால, 1215-ல பிரபுக்கள் ஜான் ராஜாவை உக்கார வெச்சு ஒப்புக்க வெச்ச மேக்னா கார்ட்டாவுலயே இது வருது: குற்றவாளியோட நிலத்தை ஒரு வருஷம் ஒரு நாளுக்கு மேல ராஜா வெச்சுக்கக்கூடாது, அப்புறம் அதோட பிரபுகிட்ட குடுத்துடணும்.

ஜனங்க வாயில 'எஸ்ச்சீட்டர்' தேய்ஞ்சு 'சீட்டர்' ஆச்சு. நாம ஸ்கூலை 'இஸ்கூல்'னு முன்னாடி ஒரு எழுத்து சேத்துச் சொல்றோம். இங்கிலீஷ்காரங்க அதுக்கு உல்டா, முன்னாடி இருக்கிறதை வெட்டிடுவாங்க. எஸ்டேட்டை வெட்டினா ஸ்டேட், எஸ்பெஷலை வெட்டினா ஸ்பெஷல். அதே வெட்டுதான் இங்கயும். முதல்ல 'சீட்'னா பறிமுதல் பண்ணின சொத்து, அவ்வளவுதான், அதுல கெட்ட அர்த்தம் இல்ல. கெட்ட அர்த்தம் அந்த வேலைய செஞ்ச ஆட்களால வந்து ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு ஒரு டீன் கையில குச்சி மாதிரி இருக்கிற வார்த்தை, பொறக்கும்போது மக்கள் அதிகாரியப் பாத்து முணுமுணுத்த வார்த்தை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். லத்தீன் வேரெல்லாம் அப்புறம்தான்.

நடுவுல ஒரு கட்டம் இருக்கு. அதுதான் நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கிற கட்டம்.

1550-களில் லண்டன்ல பகடை ஆட்டத்துல நடக்கிற திருட்டுத்தனத்தைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு. கில்பர்ட் வாக்கர்னு ஒருத்தர் எழுதினதா சொல்றாங்க. அதுல ஒரு பழைய ஏமாத்துக்காரன், புதுசா ஊருக்கு வந்தவனுக்குத் தொழில் ரகசியம் சொல்ற விஷயம் வருது. கள்ளப் பகடைக்காரங்க தங்களோட வேலைக்கு 'சீட்டிங் லா'ன்னு பேர் வெச்சிருந்தாங்களாம். அந்த வார்த்தைய வக்கீல்கள்கிட்டருந்துதான் கடன் வாங்கினோம்னும் அதுலயே இருக்கு: கேட்பாரில்லாத பொருள் பிரபுவுக்குப் போய்ச் சேர்றதை வக்கீல்கள் சீட்னு சொல்றாங்க, ஏமாளியோட காசு எங்களுக்கு வந்து சேர்றதும் அதே மாதிரிதானேன்னு. பிக்பாக்கெட் அடிக்கிறதுக்கும் இதே மாதிரி ஒரு 'லா' வெச்சிருந்தாங்க. திருடனுக்கு இருக்கிற நக்கலைப் பாருங்க! சட்டத்துக்குள்ள நடக்கிறதும் நாங்க பண்றதும் ஒண்ணுதான்னு பேர் வெச்சே சொல்லிட்டான்.

அவங்க பகடை எப்படி வேலை செஞ்சுதுன்னு படிச்சப்ப, மெக்கானிக்கல் பசங்ககிட்ட காட்டணும்போல இருந்துச்சு. உள்ள ஈயமோ பாதரசமோ வெச்சு எடையை ஒரு பக்கம் தள்ளுறது எல்லாரும் யோசிக்கிறது. இன்னொண்ணு அதைவிட அழகு. பகடையில எதிரெதிர் முகங்களைக் கூட்டினா எப்பவும் 7 வரும், அதனால 3-க்கு நேர் எதிரே 4. இந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல உள்ள நீளத்தை மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவு, கொஞ்சம் கூட்டிட்டா? செங்கல்லைத் தூக்கிப் போட்டா அது நட்டுக்க நிக்காது, படுத்துக்கும். அதே மாதிரி இந்தப் பகடையில 3-ம் 4-ம் மேல வர்றது அபூர்வம். அதனால என்ன லாபம்? அப்போ 5-ம் 9-ம் முக்கியமான ஒரு ஆட்டம் இருந்துச்சு. ரெண்டு பகடையில 5 வரணும்னா 1-ம் 4-ம், இல்ல 2-ம் 3-ம். 9 வரணும்னா 3-ம் 6-ம், இல்ல 4-ம் 5-ம். எப்படிப் போனாலும் ஒரு 3 இல்லேன்னா ஒரு 4 வேணும். நல்ல பகடையில 36-ல 8 தடவை வர வேண்டியது, இந்தப் பகடையில ரொம்பக் குறைவாத்தான் வரும். ப்ராபபிலிட்டின்னு ஒரு துறையே உருவாகாத காலத்துல ஒருத்தன் இதை யோசிச்சுச் செதுக்கியிருக்கான். நமக்கு அந்தப் பேப்பர்ல இன்டர்னல் 25-க்கு 11.

அதே நூற்றாண்டுல திருடர்களோட குழூஉக்குறியில 'சீட்'னா 'பொருள்', 'சாமான்'னு ஒரு அர்த்தமும் ஓடுச்சு. தாமஸ் ஹார்மன் 1567-ல போட்ட ஒரு பட்டியல்ல மூக்குக்கு 'மோந்து பாக்குற சீட்', நாக்குக்கு 'வாயாடுற சீட்', பன்னிக்கு 'உறுமுற சீட்'. அதுவும் இதுவும் ஒரே சொல்தானான்னு அறிஞர்கள் நடுவுல சண்டை இருக்கு. நம்ம ஊர்ல பேர் மறந்துபோன எதையும் 'மேட்டர்'னு சொல்ற மாதிரின்னு வெச்சுக்கலாம். ஷேக்ஸ்பியர் காலத்துல ரெண்டு அர்த்தமும் பக்கத்துல பக்கத்துல உசுரோட இருந்துச்சு. 1602-ல அச்சான 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்ஸர்' நாடகத்துல ஃபால்ஸ்டாஃப், ரெண்டு பணக்காரப் பொண்டாட்டிகள்கிட்ட காசு கறக்கத் திட்டம் போடுறப்ப, அதிகாரி 'சீட்டரை'யும் ஏமாத்துற 'சீட்டரை'யும் ஒரே வார்த்தையில வெச்சு விளையாடுவான். பாத்தவங்க சிரிச்சிருப்பாங்க, ஏன்னா அவங்களுக்கு ரெண்டு பேரையும் தெரியும். நமக்கு அடிக்குறிப்பு போட்டாதான் புரியுது.

தாய்ச்சொல்லான எஸ்ச்சீட் செத்துப்போயிடலை. நம்ம அரசியலமைப்புலயே 296-வது பிரிவுல இருக்கு. 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 29-வது பிரிவு வர்ற தலைப்பே அதுதான்: வாரிசு யாருமே இல்லேன்னா சொத்து அரசாங்கத்துக்கு. நியாயமான ஏற்பாடுதான், யாருக்காவது போகணுமே. ஆனா 'வாரிசு இல்ல'ன்னு யார் சொல்றாங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. தஞ்சாவூர்ல 1855-ல மராத்திய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாம இறந்தார். கம்பெனி, ராஜ்யம்ங்கிற பேரே இனி கிடையாதுன்னு சொல்லி, அரண்மனைச் சொத்தையும் சேத்து எடுத்துக்கிச்சு. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டாங்க. அது லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1859-ல வந்த தீர்ப்பு, இது அரசு தன் அதிகாரத்துல செஞ்ச காரியம், இதைக் கோர்ட் விசாரிக்க முடியாதுன்னு. சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறாங்க. நான் தஞ்சாவூர் அரண்மனைக்கு ஒன்பதாவது படிக்கிறப்ப டூர் போயிருக்கேன். சரஸ்வதி மகால் காட்டினாங்க, இந்தக் கதைய யாரும் சொல்லல.

சீட்டிங் குற்றமா வந்தது 1860-ல போட்ட இந்திய தண்டனைச் சட்டத்துல. 415-வது பிரிவு அர்த்தம் சொல்லும், 420 தண்டனை சொல்லும். அந்த 420 எப்படி ஊர் வாயில ஏறுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ராஜ் கபூர் 1955-லயே 'ஸ்ரீ 420'ன்னு படம் எடுத்துட்டார். நம்ம 'அவ்வை சண்முகி' இந்திக்குப் போனப்ப 'சாச்சி 420' ஆச்சு. 2024 ஜூலை 1-லருந்து புதுச் சட்டம் வந்து, சீட்டிங் இப்ப 318. புதுச் சட்டத்துல மொத்தமே 358 பிரிவுதான், 420-ன்னு ஒரு நம்பரே கிடையாது. "அவன் ஒரு 318"ன்னு திட்டிப் பாத்தேன், பஸ் ரூட் மாதிரி இருக்கு.

இதையெல்லாம் நான் இவ்வளவு தேடினதுக்கு வெர்பல் மட்டும் காரணம் இல்ல. எங்க அம்மாகிட்ட இந்த வார்த்தைக்கு வேற ஒரு வேர் இருக்கு. "சீட்டுப் புடிச்சு ஏமாத்துறாங்கல்ல, அதனாலதான் கண்ணு அது சீட்டிங்." அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கிறாங்க. சனிக்கிழமை சம்பளம் வந்தா அதுல முதல் பங்கு சீட்டுக்குப் போகும். பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா பிடிச்ச ஏலச்சீட்டு. இருபது பேர், இருபது மாசம், ஒரு லட்சம். தள்ளு போக மாசம் நாலாயிரத்துச் சொச்சம். அவசரக்காரங்க முன்னாடி தள்ளி எடுத்துக்குவாங்க. அம்மா எடுக்கல, என் கடைசி வருஷ ஃபீஸுக்கும் லேப்டாப்புக்கும்னு கடைசி வரைக்கும் விட்டாங்க, அப்பதான் முழுசா கைக்கு வரும். பதினாறாவது மாசம் கட்டினப்புறம் ஒரு திங்கக்கிழமை அந்த வீடு பூட்டிக் கிடந்துச்சு. எடுக்காம இருந்தது நாலு பேர். அம்மா கட்டியிருந்தது 68,000 ரூபாய்.

அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரும் கேட்டது ஒரே கேள்வி. "எப்படிக்கா ஏமாந்தீங்க?" பெரியம்மா கேட்டாங்க, வீட்டு ஓனர் கேட்டார், கம்பெனி சூப்பர்வைசர் கேட்டார். அவ எப்படி ஏமாத்தினான்னு ஒருத்தரும் கேக்கல.

அந்தக் கேள்வியோட இலக்கணம் என்னைப் போட்டுக் குடைஞ்சுச்சு. தமிழ்ல ரெண்டு வினை இருக்கு, 'ஏமாத்து', 'ஏமாறு'. தன்வினை பிறவினைன்னு பத்தாவதுல ரெண்டு மார்க்குக்குப் படிச்சது. இங்கிலீஷ்ல ஒரே வினைதான், அதை மாத்திப்போட்டுச் சொன்னாலும் பின்னாடி எவனோ ஒருத்தன் செஞ்சான்னு ஒரு நிழல் இருக்கும். 'ஏமாந்தேன்'ல அந்த நிழல் கூட இல்ல. 'வழுக்கி விழுந்தேன்' மாதிரி, 'தூங்கிட்டேன்' மாதிரி, நானே செஞ்ச காரியம். 'அவகிட்ட ஏமாந்தேன்'னாலும் அவ ஒரு இடம் மாதிரிதான் வர்றா, பஸ் ஸ்டாண்டுல ஏமாந்தேன்ங்கிற மாதிரி. ஏமாத்துறவனுக்கு நம்மகிட்ட எத்தனை வார்த்தை: நாமம் போட்டான், அல்வா குடுத்தான், கம்பி நீட்டினான். எல்லாத்துலயும் கொஞ்சம் சிரிப்பு கலந்திருக்கு, கெட்டிக்காரன்ங்கிற ரசனை கலந்திருக்கு. ஏமாந்தவளுக்கு இருக்கிறது ஏமாளி. அதுல சிரிப்பு உண்டு, இரக்கம் கிடையாது.

ஸ்டேஷனுக்கு மனு எழுத நான்தான் உக்காந்தேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதணும். "ஐயா, நான் இன்னார்கிட்ட சீட்டுக் கட்டி ஏமாந்துட்டேனுங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் "அவர் என்னை நம்பவைத்து ஏமாற்றிவிட்டார்"னு எழுதினேன். அம்மாவுக்கு அது பிடிக்கல. "நான்தான கண்ணு குடுத்தேன். என் கையிலருந்தா புடுங்குனா?" அப்ப நான் அந்தப் பிரிவை போன்ல எடுத்து அம்மாவுக்குத் தமிழ்ல சொன்னேன். பிடுங்கினா அது வேற குற்றம். பொய் சொல்லி நம்பவெச்சு, நம்மளே நம்ம கையால எடுத்துக் குடுக்கிற மாதிரி செய்றதுதான் சீட்டிங். நீ கையால குடுத்ததாலதான் அது இந்தப் பிரிவுல வருதும்மா. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அப்படியே எழுது"ன்னாங்க.

சட்டம் அவ்வளவு நேரா இல்லங்கிறதும் எனக்குத் தெரியும். காசு வாங்கும்போதே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சான்னு கோர்ட் பாக்கும், பின்னாடி குடுக்க முடியாமப் போறது மட்டும் போதாது. அந்தச் சீட்டு பதிவு பண்ணினதும் இல்ல. ஸ்டேஷன்ல இருந்த ஏட்டு முதல்ல "இது சிவில் மேட்டரும்மா"ன்னார். அடுத்து, "படிச்ச பொண்ணு வீட்ல இருக்கு, இப்படி ஏமாந்துட்டீங்களே"ன்னார். மனுவைக் குடுத்தோம், ஒரு மணி நேரம் கழிச்சு சி.எஸ்.ஆர் ரசீது குடுத்தாங்க. அம்மா அதை நாலா மடிச்சு ரேஷன் கார்டு கவருக்குள்ள வெச்சிருக்காங்க. அந்த அக்கா மேல அம்மாவுக்கு முழுசா கோபம் வரலைங்கிறதுதான் எனக்குக் கோபம். "அவளும் யார்கிட்டயோ குடுத்து மாட்டியிருப்பா"ன்னு சொல்றாங்க. இருக்கலாம். ஆறு மாசம் ஆச்சு, போன் ஸ்விட்ச் ஆஃப். இப்ப அம்மா போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. கட்டுறாங்க. லேப்டாப் சீனியர் ஒருத்தங்க குடுத்த பழசு, அதுலதான் இதை டைப் பண்றேன்.

போன தடவை ஊருக்குப் போனப்ப, சமையக்கட்டுல உக்காந்து எஸ்ச்சீட்டர் கதையச் சொன்னேன். ராஜா, நிலம், வாரிசு, விசாரணைன்னு. வெங்காயம் உரிச்சுக்கிட்டே முழுசாக் கேட்டாங்க.

"அப்ப சீட்டுலருந்து வரலியா அது?"

"இல்லம்மா."

"மொதல்ல கவர்மென்ட்டு ஆளைத்தான் அப்படிச் சொன்னாங்களா?"

"ஆமா."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு சொன்னாங்க, "அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அங்க வந்து இதைச் சொல்லி வெச்சிராத கண்ணு."